பாட்டியின் மூக்குத்தி எந்தப் பக்கம்?

வணக்கம் ஐயா,

மன்னார்குடி கடைத்தெருவில் என் தாத்தா போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். எழுபதுகளில் மூடியாகிவிட்டது. போன மாதம் பழைய வீட்டுப் பரணை ஒழித்தபோது ஒரு மரக் கேமரா கிடைத்தது. பித்தளைப் பட்டையில் ‘வாகீஸ்வரி’ என்றிருக்கிறது. கூடவே ஒரு அக்ஃபா கிளிக் 3, அட்டைப் பெட்டிகளில் நாற்பது கண்ணாடி நெகட்டிவ், ஒரு தகர டின் நிறையப் படங்கள். சென்னை வியாபாரி ஒருவர் மரக் கேமராவை மட்டும் கேட்கிறார், ஏதோ ஓட்டல் வரவேற்பறையில் வைக்கவாம். கண்ணாடியைக் காயலான் கடையில் போடச் சொல்கிறார். என்ன விலை சொல்லலாம்?

இன்னொன்று. கூடத்தில் தாத்தா பாட்டி கல்யாணப் படம் தொங்குகிறது. பாட்டிக்கு மூக்குத்தி வலது பக்கம்தான் என்று அத்தை சத்தியம் செய்கிறார். படத்தில் இடது பக்கம் இருக்கிறது. அது பாட்டியே இல்லை, அவர் தங்கை என்று சித்தப்பா சொல்கிறார். படத்தை ஸ்கேன் செய்து இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
வி., மன்னார்குடி

அன்புள்ள வி.,

விலை நான் சொல்லப்போவதில்லை. அது வாங்குகிறவர் அவசரத்தையும் விற்கிறவர் அவசரத்தையும் பொறுத்தது. ஆனால் ஓட்டல்காரருக்குக் கேமராவைக் கொடுப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்தக் காயலான் கடை யோசனைதான் தூக்கிவாரிப் போட்டது.

வாகீஸ்வரி நல்ல பெட்டி. 1940களில் ஆலப்புழையில் செய்யத் தொடங்கியது. வாத்தியங்கள் பழுது பார்க்கும் குடும்பம் அது. ஆர்மோனியத் துருத்தி தைத்த கைக்கு, லென்ஸுக்கும் பெட்டிக்கும் நடுவே மடிந்து விரியும் கேமராத் துருத்தி ஒன்று கிழிந்து வந்து சேர, அங்கிருந்து கேமராவே செய்யப் புறப்பட்டார்கள் என்று சொல்வார்கள். தென்னாட்டு ஸ்டுடியோக்களில் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்த பெட்டிகளில் பல இதுதான். உங்களுடையதில் துருத்தி மடிப்புகளில் ஓட்டை இல்லாமல், லென்ஸும் கூடவே இருந்தால் ஏமாந்து கொடுத்துவிடாதீர்கள். கிளிக் 3 பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பரோடாவில் தயாரானது, 120 என்கிற ஃபிலிம் ரோல், ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். எங்கள் தெருவிலேயே நாலு வீட்டில் இருந்தது. பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுக்கலாம்.

நானும் பத்து வருஷம் பழைய கேமராப் பெட்டி பொறுக்கியவன்தான். ஒரு ரோலிகார்ட் கேமராவைத் தோல் உறையோடு அலமாரியில் வைத்தேன். ஒரு ஐப்பசி கார்த்திகை மழைதான். தையில் திறந்தால் லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. நம் ஊர் ஈரத்தைத் தோல் உறை குடித்து வைத்துக்கொள்ளும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. நீங்களாவது உறையைத் தனியே கழற்றி வையுங்கள்.

அந்த நாட்களில்தான் கும்பகோணத்தில் மூடப்போகிற ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன். பரணில் ஏழெட்டுப் பெட்டி கண்ணாடி நெகட்டிவ் இருந்தது. ‘சார், அதையும் எடுத்துக்கிறீங்களா?’ என்று கேட்டார் பெரியவர். பஸ்ஸில் தூக்க முடியாது என்று கேமராவை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். அடுத்த வருஷம் போனால் எல்லாவற்றையும் வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டி, சாமி படத்துக்குச் சட்டம் போடுகிற கடைக்குக் கொடுத்திருந்தார்கள். முருகன் படத்தின் மேல் இருந்த கண்ணாடியின் ஓரத்தில் சுரண்டாமல் விட்ட ஒரு கீற்று. வேட்டிக் கரை. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கேட்டபோது வேண்டாம் என்று சொன்னவன் நான்.

இனி உங்கள் நாற்பது கண்ணாடித் தகடுகள். ‘பழசு என்றால் டிரைப் எடுத்தது மாதிரி இருக்க வேண்டும்’ என்று வியாபாரிகள் சொல்வார்கள். கேப்டன் லின்னேயஸ் டிரைப், 1856இல் சென்னை அரசாங்கம் நியமித்த புகைப்படக்காரர். 1858இல் தஞ்சைப் பெரிய கோயில் அடிப்பீடத்துக் கல்வெட்டுகளை நகர்ந்து நகர்ந்து எடுத்து, 21 படங்களை ஒட்டிப் பத்தொன்பது அடிக்கு நீட்டினார். திருவையாற்றையும் விடவில்லை. அந்தப் படங்கள் உலக மியூசியங்களில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் அவருக்குக் கல் முக்கியம். மன்னார்குடிக் கடைத்தெருவில் முகம் காட்டி உட்கார்ந்தவர்கள் உங்கள் பரணில்தான் இருக்கிறார்கள், வேறெங்கும் இல்லை.

ஒரு தகட்டை ஓரங்களைப் பிடித்து எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் மங்கல். மங்கலில்தான் படம் இருக்கிறது, அதில் விரலும் படக்கூடாது, நீரும் படக்கூடாது. அந்தப் பக்கத்தில் முகம் இருக்கும் இடத்தில் மட்டும் மிகப் பொடியான பென்சில் கீறல்கள் தெரியலாம். அதுதான் ‘டச்சிங்’. அம்மைத் தழும்பும் கண்ணுக்குக் கீழே கறுப்பும் நெகட்டிவில் வெளுப்பாக விழும். கூராகச் சீவிய பென்சிலால் அவற்றைப் புள்ளி புள்ளியாக அடைப்பார்கள். கல்யாணத்துக்கு நிற்கிற பெண் என்றால் கொஞ்சம் அதிகமாகவே அடைப்பார்கள். கேமரா ஆலப்புழையில் யாரோ செய்தது. அந்தக் கீறல் உங்கள் தாத்தா கை.

வைத்துக்கொள்ளும் முறை சுலபம். ஒவ்வொன்றையும் வெள்ளைத் தாளில் மடித்து, ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல், நீள ஓரம் கீழே இருக்கும்படி நிறுத்தி வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், வேர்த்துவிடும். போன் திரையை வெள்ளையாக்கி அதன்மேல் பிடித்து இன்னொரு போனில் எடுத்தால் பாசிட்டிவாக மாற்றிக்கொள்ளலாம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் திட்டம் ஒன்றில் தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களை ஸ்கேன் செய்து சேர்த்திருக்கிறது. அவர்களுக்கு எழுதிப் பாருங்கள். ஆனால் அதற்கு முன்னால் டின்னில் இருக்கிற படங்களை அத்தையின் மடியில் கொட்டுங்கள். அவர் சொல்லும் பெயரை, ஊரை, உறவை, படத்தின் பின்னால் பென்சிலால் எழுதுங்கள். பால்பாயின்ட் வேண்டாம், முன்பக்கம் எழும்பிவிடும். கேமராவுக்குப் பத்து நாள் பொறுக்கலாம். அத்தைக்கு என்ன வயது என்று நீங்கள் எழுதவில்லை.

கல்யாணப் படத்துக்கு வருகிறேன். ஸ்கேனை அரை மணி நேரம் பார்த்தேன். பாட்டியை விட்டுவிட்டுத் தாத்தாவைப் பாருங்கள். கோட்டின் மேல் பாக்கெட் அவருடைய வலது மார்பில் இருக்கிறது. பொத்தான் பட்டையும் பெண்கள் ரவிக்கை மாதிரி வலம் மேலே. எந்தத் தையல்காரரும் மாப்பிள்ளைக்கு அப்படித் தைக்க மாட்டார். படம் இடவலம் மாறிப் போடப்பட்டிருக்கிறது. பிரிண்ட் போடும்போது தகட்டின் மங்கல் பக்கம் காகிதத்தில் படிய வேண்டும். கண்ணாடிப் பக்கத்தை வைத்துவிட்டால் எல்லோரும் முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திரும்பிவிடுவார்கள், ஓரங்களும் லேசாக மங்கும். மாப்பிள்ளையாய் நின்ற தாத்தா அன்று டார்க் ரூமில் இருந்திருக்க மாட்டார், உதவிக்கு இருந்த பையன் போட்டிருப்பான்.

புடவைத் தலைப்பை வைத்து நான் எதுவும் சொல்லவில்லை. மடிசாரில் ஐயர் வீட்டுக்கு வலது தோள், ஐயங்கார் வீட்டுக்கு இடது. உங்கள் வீடு எது என்று தெரியாமல் வாயைத் திறப்பது ஆபத்து.

ஆக, மூக்குத்தி வலது பக்கம்தான். அத்தை சொன்னது சரி. அதனாலேயே அது பாட்டிதான் என்று ஆகிவிடாது, சித்தப்பாவின் காரணம் விழுந்தது, அவ்வளவுதான். தங்கைக்கும் வலது பக்கமே குத்தியிருக்கலாம் இல்லையா? நாற்பதில் அந்தக் கல்யாணத் தகடு இருக்கிறதா என்று தேடுங்கள். பளபளப்புப் பக்கம் உங்களைப் பார்க்கும்படி பிடித்தால் அன்று நின்றபடியே நிற்பார்கள். அட்டைப் பெட்டியின் மூடியையும் திருப்பிப் பாருங்கள். ஸ்டுடியோக்காரர்கள் பெயரும் தேதியும் அங்கேதான் கிறுக்கி வைப்பார்கள்.