பைதான் கையேட்டின் புதிய பதிப்பு: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

தங்களது பைதான் நிரல்மொழிக் கையேட்டை முதற்பதிப்பிலிருந்தே வகுப்பில் பயன்படுத்தி வரும் கல்லூரி விரிவுரையாளர் நான். புதிய பதிப்பில் ஒரு மதிப்பின் வடிவத்தைப் பொருத்திப் பார்க்கும் மேட்ச் கட்டளைக்கும், ஒரு கோவையின் நடுவிலேயே மதிப்பைப் பெயரில் ஏற்றும் வால்ரஸ் குறிக்கும் (:=) தனித்தனி அத்தியாயங்கள் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அவை ஆங்காங்கே சில பக்கங்களில் அடங்கிவிட்டன. பழகிய பழைய அத்தியாயங்களோ பெரிதும் மாறியிருக்கின்றன. புதியவற்றை மட்டும் பின்னிணைப்பாகத் தந்திருந்தால் பழைய பதிப்பை வைத்திருக்கும் மாணவர்களுக்கு உதவியாக இருந்திருக்கும் அல்லவா? ஆண்டுதோறும் மாறும் ஒரு மொழிக்கு அச்சு நூல் இனியும் ஈடுகொடுக்குமா என்பதையும் விளக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பின்னிணைப்பு போதாது என்று நான் முடிவு செய்ததற்குக் காரணம், ஒரு மொழியில் புதிதாகச் சேரும் வசதி பழையவற்றின் பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்துகொள்வதில்லை என்பதுதான். அது பழையவற்றின் தகுதியையே மாற்றிவிடுகிறது. 2016 டிசம்பரில் பைதானின் 3.6 வெளியீட்டோடு, ஸ்ட்ரிங் எனப்படும் எழுத்துத் தொடருக்குள்ளேயே மதிப்புகளை நேரடியாக இட்டு எழுதும் எஃப் ஸ்ட்ரிங் வந்தபோது, சதவீதக் குறியைக் கொண்டு ஸ்ட்ரிங் அமைக்கும் முறையும் ஃபார்மட் முறையும் மொழியை விட்டு நீங்கிவிடவில்லை. ஆனால் அதுவரை முதலில் கற்க வேண்டியதாக இருந்த முறை, பிறர் எழுதிய பழைய நிரலைப் படிப்பதற்காகத் தெரிந்துகொள்ள வேண்டியதாகிவிட்டது. எஃப் ஸ்ட்ரிங்கைப் பின்னிணைப்பில் வைத்திருந்தால், முதல் அத்தியாயங்களைப் படித்துவிட்டு வேலைக்குப் போகும் மாணவர் பழைய முறையிலேயே எழுதிக்கொண்டிருப்பார்.

இதை நான் அதிகம் உணர்ந்தது, திறவுச்சொல்லும் மதிப்புமாகத் தரவை இணைத்து வைக்கும் டிக்‌ஷனரி அத்தியாயத்தில்தான். டிக்‌ஷனரியில் இட்டவை எந்த வரிசையில் திரும்ப வரும் என்பதை நம்பி நிரல் எழுதக் கூடாது என்பது வெகுகாலம் ஒரு பாலபாடமாக இருந்தது. 3.6 வெளியீட்டில், நினைவகத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தும்படி டிக்‌ஷனரியின் உள்ளமைப்பைத் திருத்தி எழுதினார்கள். இட்ட வரிசையிலேயே உறுப்புகள் திரும்பி வந்தது அந்தத் திருத்தத்தின் பக்கவிளைவு. அதை நம்ப வேண்டாம் என்றே அப்போதைய ஆவணம் சொன்னது. 2018 ஜூனில் வந்த 3.7-இல் அதுவே மொழியின் உறுதிமொழியாயிற்று. தற்செயலாக நடப்பதற்கும் மொழி உறுதியளிப்பதற்கும் உள்ள இந்த வேறுபாட்டைக் காப்பது ஒரு குறிப்புதவி நூலின் தலையாய கடமை என்று நான் கருதுகிறேன். இயக்கிப் பார்த்தால் சரியாகத்தானே வருகிறது என்று எழுதிவிடும் நூல் வாசகரைக் கைவிடுகிறது.

ஒரு வரியைத் திருத்தினால் இது முடிந்துவிடும் என்று தோன்றலாம். முடியவில்லை. வரிசையைக் காப்பதற்கென்றே இருந்த ஆர்டர்டு டிக்டின் பகுதி முழுவதும் தன் நோக்கத்தை இழந்தது. இன்று அதன் பயன், வரிசையையும் கணக்கில் கொண்டு இரண்டை ஒப்பிடுவது, ஓர் உறுப்பை முனைக்கு நகர்த்துவது போன்ற சில தேவைகளுக்குச் சுருங்கிவிட்டது. அதைவிட முக்கியமானது, ஒரே மதிப்பு இருமுறை வராத தொகுப்பான செட்டின் அத்தியாயம். டிக்‌ஷனரி வரிசையைக் காக்கும் என்று கற்ற மாணவர், அதைப் போலவே நெளிவு அடைப்புக்குறிக்குள் எழுதப்படும் செட்டும் காக்கும் என்று எண்ணுவது இயல்பு, அது காப்பதில்லை. இரண்டுமே வரிசையற்றவையாக இருந்த காலத்தில் தேவைப்படாத ஓர் எச்சரிக்கையை இப்போது அங்கே எழுத வேண்டியிருந்தது. மொழியில் செட் மாறவே இல்லை, நூலில் அதன் அத்தியாயம் மாறியது. எந்தப் பின்னிணைப்பும் இதைச் செய்யாது.

பின்னிணைப்பால் நீக்கவும் இயலாது. 2024 அக்டோபரில் வந்த 3.13 வெளியீடு, பயன் குன்றிய 19 மாட்யூல்களை (ஆயத்த நிரல் தொகுதிகளை), பைதானோடு சேர்ந்தே வரும் நிலையான நூலகத்திலிருந்து எடுத்துவிட்டது. இணையப் பக்க வேண்டுகோள்களை நிரலிடம் கொண்டுசேர்க்க உதவும் சிஜிஐ அவற்றுள் ஒன்று. முந்தைய பதிப்பின் இணைய அத்தியாயம் அதன்மேல்தான் நின்றது. ஆகவே அதை முழுவதும் புதிதாக எழுதினேன்.

மேட்ச் கட்டளையை இஃப் கட்டளைக்கு அடுத்து வைக்காததற்கு உரிய காரணம் உண்டு. 2021 அக்டோபரில் 3.10-இல் அறிமுகமான அது, சி மொழியின் ஸ்விட்சைப் போலத் தோன்றினாலும், டியூப்பிள் (மாற்ற இயலாத வரிசைத் தொகுப்பு), டிக்‌ஷனரி, கிளாஸ் (பொருள்களுக்கான வார்ப்பு) ஆகியவற்றின் வடிவத்தைப் பிரித்துப் பொருத்திப் பார்க்கும் கருவி. கேஸ் என்பதற்குப் பின் வெறும் ஒரு பெயரை எழுதினால் அந்தப் பெயரில் உள்ள மதிப்போடு ஒப்பிடாமல், வந்த மதிப்பை அந்தப் பெயரிலேயே ஏற்றிவிடும் என்பது தொடக்கநிலை மாணவரைத் திகைக்க வைக்கும். எனவே கிளாஸ் அத்தியாயத்துக்குப் பிறகு அதை விரிவாக வைத்தேன். வால்ரஸ் குறியைப் பற்றிய விவாதம் பெரியது. அதை ஏற்ற கையோடு 2018 ஜூலையில் பைதானை உருவாக்கிய கீடோ வான் ராசம் மொழியின் தலைமைப் பொறுப்பிலிருந்தே விலகினார். இருந்தாலும் அதன் பயன் வைல் சுழற்சியிலும் வடிகட்டும் லிஸ்டுகளிலும் அரைப் பக்கத்தில் அடங்குகிறது. விவாதத்தின் அளவை வைத்துப் பக்கம் ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

இனி அச்சு நூல் ஈடுகொடுக்குமா என்ற கேள்வி. 2020 அக்டோபரில் வந்த 3.9 முதல், ஆண்டுக்கு ஒரு வெளியீடு அக்டோபரில் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ ஐந்தாண்டு ஆதரவு உண்டு. ஆகவே எப்போதும் ஐந்து வெளியீடுகள் புழக்கத்தில் இருக்கும். நான் பின்தொடர்வது கடைசியாக வந்ததை அன்று, அந்த ஐந்தில் மூத்ததை. 3.9-இன் ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்ததால் புதிய பதிப்பின் அடித்தளம் 3.10. அதற்குப் பின் வந்த ஒவ்வொரு வசதிக்கும் ஓரத்தில் வெளியீட்டு எண் இருக்கும். எடுத்துக்காட்டாக, எஃப் ஸ்ட்ரிங்கைச் சூழ்ந்த அதே மேற்கோள் குறியை அதன் அடைப்புக்குள் பயன்படுத்த முடியாது என்பது 3.11 வரை மெய், 3.12 முதல் பொய், 3.11 ஓய்வுபெறும் வரை இரண்டையும் சொல்லியாக வேண்டும்.

அதிகாரபூர்வ ஆவணம் இணையத்தில் முழுமையாக இருக்கிறது. அதனோடு போட்டியிடும் எண்ணம் எனக்கு இல்லை. ஒவ்வொரு வெளியீட்டிலும் எது புதிது என்று அது சிறப்பாகச் சொல்கிறது. நீங்கள் ஏற்கெனவே கற்ற எந்த வாக்கியம் அதனால் பழையதாகிவிட்டது, மூன்று வழிகள் இருக்கும்போது எதை முதலில் எடுப்பது என்பவற்றை நூல்தான் சொல்ல வேண்டும். அந்த வேலைக்கு ஆண்டுக்கொரு பதிப்பு தேவையில்லை.

பழைய பதிப்பை வைத்திருக்கும் உங்கள் மாணவர்கள் புதியதை வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. இன்று பொருந்தாத வாக்கியங்களைப் பக்க எண்ணோடு தொகுத்து, இந்தத் தளத்தில் இலவசமாக வெளியிடுகிறேன். அதை வகுப்பில் கொடுப்பதற்கு முன், உங்கள் ஆய்வகக் கணினிகளில் எந்த வெளியீடு நிறுவப்பட்டுள்ளது என்று பாருங்கள். அது 3.10-க்கு முந்தியதாக இருந்தால் மேட்ச் பற்றிய பகுதி அங்கே இயங்காது. அதை இவ்வாண்டு விட்டுவிட்டு, டிக்‌ஷனரி, செட் திருத்தங்களிலிருந்து தொடங்கலாம்.

அன்புடன்,
நூலாசிரியர்