டைனஸ்டி லீக்: முதல் டிராஃப்டில் எதை வாங்குகிறோம்?

அமெரிக்கக் கால்பந்தான என்.எஃப்.எல். ஆட்டங்களை வைத்து ஆடும் ஃபேன்டஸி லீக்குகளில் (நிஜ ஆட்டக்காரர்களை நம் டீமில் எடுத்து, அவர்கள் களத்தில் ஆடுவதற்கேற்ப நாம் புள்ளி வாங்கும் ஆட்டம்) ‘டைனஸ்டி’ வகையைப் பற்றி நெல்லை, தென்காசி வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகள் இந்த இதழில். இந்த வகையில் ஒருமுறை ‘ஸ்டார்ட்அப்’ டிராஃப்டில் (முறை வைத்து ஒவ்வொரு ஆட்டக்காரராக எடுப்பது; ஒரு முறைக்கு ஒரு ‘பிக்’) எடுத்த டீம் நம்மோடேயே இருக்கும். பிறகு வருஷத்துக்கு ஒருமுறை, புதிதாக வரும் ரூக்கிகளை மட்டும் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

அண்ணாச்சி, டல்லாஸில் இருக்கிற என் மச்சான் அவர் லீக்கில் என்னையும் சேர்த்துவிட்டார். 12 டீம், சூப்பர்ஃபிளெக்ஸ், பிபிஆர் (கேட்ச்சுக்கு ஒரு புள்ளி), 25 சுற்று. எனக்கு ஐந்தாவது இடம். வருஷா வருஷம் கலைத்துவிட்டு ஆடும் லீக்தான் எனக்குப் பழக்கம். முதல் நாலு பிக்கை எப்படிப் போட?
— வாசகர், அம்பாசமுத்திரம்

விதிகளை எடுத்து வைத்துக்கொண்டு முதலில் கணக்குப் போடுங்கள். சூப்பர்ஃபிளெக்ஸ் என்றால் ஒரு டீம் வாரத்துக்கு இரண்டு குவாட்டர்பேக்குகளை (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிறவர்கள்) இறக்கலாம். 12 டீமும் இறக்கினால் 24 பேர். என்.எஃப்.எல்.லில் அணிகள் 32; களத்தில் தொடங்கும் குவாட்டர்பேக்கும் 32 பேர்தான். ஓய்வு வாரத்துக்காக ஆளுக்கு மூன்றாவது ஒருவர் வேண்டும் என்றால் 36 பேர் தேவை. அப்போது நாலு டீமாவது கை பிசைந்துகொண்டு நிற்கும். முதல் சுற்றிலேயே குவாட்டர்பேக்குகள் பறப்பது இதனால்தான்.

ஐந்தாம் இடத்துக்கு ஸ்னேக் முறையில் (ஒரு சுற்று 1-லிருந்து 12, அடுத்த சுற்று 12-லிருந்து 1) 5, 20, 29, 44, 53 என்று வரும். சில லீக்குகளில் மூன்றாம் சுற்றையும் கடைசி ஆளிடமிருந்தே தொடங்குவார்கள். அப்படியானால் 5, 20, 32, 41, 56. எது என்று லீக்கை நடத்தும் கமிஷனரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள், திட்டமே மாறிவிடும்.

5-ல், 27 வயதுக்குள் இருக்கிற, வேலை உறுதியான குவாட்டர்பேக் மிச்சம் இருந்தால் யோசிக்காமல் எடுங்கள். நல்லவர்கள் எல்லாம் போய்விட்டால், ஜமார் சேஸ், ஜஸ்டின் ஜெஃபர்சன் தரத்தில் ஒரு வைட் ரிசீவர் (வீசிய பந்தைப் பிடிக்கிறவர்). 20, 29 இரண்டில் ஒன்று கட்டாயம் குவாட்டர்பேக்காக இருக்கட்டும். 44 வரும்வரை இரண்டாவது ஆள் இல்லாமல் போகாதீர்கள். அந்த நேரத்தில் மிஞ்சி நிற்பவர்கள் பெரும்பாலும், அடுத்த ஏப்ரலில் நடக்கும் என்.எஃப்.எல். டிராஃப்டில் (நிஜ அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை எடுப்பது) அவர்கள் இடத்துக்கு அணி வேறு ஆளைக் கொண்டுவரக்கூடியவர்கள்.

‘வேலை உறுதி’ என்பதை எப்படிப் பார்க்க? ஒப்பந்தத்தைப் பாருங்கள். என்.எஃப்.எல். டிராஃப்டின் முதல் சுற்றில் போனவருக்கு நாலு வருஷ ஒப்பந்தம். ஐந்தாம் வருஷம் வைத்துக்கொள்வதா என்பதை மூன்றாவது சீசன் முடிந்த பிறகு அணி முடிவு செய்யும். அந்த ஐந்தாம் வருஷத்தை அணி வேண்டாம் என்றால் அவரை விலை குறைத்தே மதிப்பிடுங்கள். டிரே லான்ஸ் 2021-ல் மூன்றாவது ஆளாக எடுக்கப்பட்டவர். அவரை எடுக்க 49-அர்ஸ் அணி பெரிய விலை கொடுத்தது. 2022-ல் இரண்டாவது ஆட்டத்திலேயே கணுக்கால் முறிந்தது. அதே வருஷம் 262-வதாக, டிராஃப்டின் கடைசி ஆளாக வந்த பிராக் பர்டி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார். 2023 ஆகஸ்டில் லான்ஸ் ஒரு நாலாம் சுற்று பிக்குக்குக் கைமாறினார். திறமையைப் பற்றி ஊர் பேசுவதும், அணி அவரைத் தொடர்ந்து இறக்குவதும் வேறு வேறு.

பெயர்ப் பட்டியலை வரிசையாக எழுதாமல் தட்டுத் தட்டாகப் பிரித்து எழுதுங்கள். ஒரே மதிப்புள்ளவர்கள் ஒரே தட்டில். உங்கள் முறை வரும்போது அந்தத் தட்டில் ஐந்து பேர் இருந்தால் நாலு இடம் பின்னால் இறங்க டிரேட் பேசுங்கள். எப்படியும் ஒருவர் கிடைப்பார், கூடுதலாகப் பின் சுற்று பிக் ஒன்று லாபம். ஒருவர்தான் மிச்சம் என்றால் எடுத்துவிடுங்கள். டிராஃப்ட் நடக்கும்போது டிரேட் பேசத் தயங்குகிறவர்கள் இந்த லாபத்தை ஒவ்வொரு சுற்றிலும் விட்டுக்கொண்டே வருகிறார்கள்.

எட்டாம் சுற்றுக்குப் பிறகு எல்லாரும் இளசுகளையே தேடிக்கொண்டிருப்பார்கள். அங்கேதான் 29, 30 வயது அனுபவசாலிகள் மலிவாக விழுவார்கள். ரன்னிங் பேக் (பந்தைச் சுமந்து ஓடுகிறவர்) டெரிக் ஹென்றி 2024 சீசனில், 30 வயதில், 1,921 யார்டு ஓடினார். அப்படி இரண்டு பேரை அங்கே எடுத்தால் முதல் வருஷமே போட்டியில் நிற்கலாம்.

ரன்னிங் பேக்தானே ஒவ்வொரு ஆட்டத்திலும் பந்தைத் தொடுகிறவர்? அவரை முதல் மூன்று சுற்றில் எடுக்காதே என்று எல்லாரும் ஏன் சொல்லுகிறார்கள்?
— வாசகர், களக்காடு

உங்கள் ஊர்க்காரருக்கு இதை எளிதில் சொல்லிவிடலாம். ரன்னிங் பேக் வாழை, வைட் ரிசீவர் தென்னை. வாழை சீக்கிரம் தார் போடும், ஆனால் தார் வெட்டினதும் அந்த மரத்தின் கதை முடிந்தது.

டாட் கர்லி 2017-ல் ஆண்டின் சிறந்த தாக்குதல் வீரர், வயது 23. அடுத்த வருஷம் ராம்ஸ் அணி பெரிய ஒப்பந்தம் கொடுத்தது. 2020 மார்ச்சில் அதே அணி அவரை வெளியே விட்டது, வயது 25. அந்த வருஷ சீசனோடு அவர் ஆட்டம் முடிந்தது. இதே விளையாட்டில் வைட் ரிசீவர் லாரி ஃபிட்ஸ்ஜெரால்ட் 32, 33, 34 வயதுகளில், 2015 முதல் 2017 வரை, மூன்று சீசனும் நூறு கேட்ச்சுக்கு மேல் பிடித்தார்.

காரணம் இரண்டு. ஒவ்வொரு ஓட்டத்திலும் முட்டி மோதி விழுவதால் கால் தேய்கிறது. அதைவிடப் பெரியது, அணிகள் ரூக்கி ஒப்பந்தத்திலேயே ரன்னிங் பேக்கைப் பிழிந்துவிட்டு, அடுத்த வருஷம் மலிவாக வேறு ஆளைக் கொண்டுவந்துவிடும். அதோடு பிபிஆர் புள்ளிக் கணக்கு: பத்து யார்டுக்கு ஒன்று, கேட்ச்சுக்கு ஒன்று. 18 முறை ஓடி 80 யார்டு எடுத்து, கேட்ச் ஏதும் இல்லாமல் திரும்புகிறவருக்கு 8 புள்ளி. 7 கேட்ச்சில் அதே 80 யார்டு எடுத்தவருக்கு 15. ஆகவே ரன்னிங் பேக் எடுத்தாலும் பந்தைப் பிடிக்கிறவரா என்று பார்த்து எடுங்கள்.

எடுக்கவே கூடாது என்பதில்லை. சாக்வன் பார்க்லி 2024-ல் 27 வயதில் ஈகிள்ஸ் அணிக்குப் போய் முதல் சீசனிலேயே 2,005 யார்டு ஓடினார். இந்த வருஷமே கோப்பை என்று நிற்கிற டீமுக்கு அப்படிப்பட்டவர் தேவைதான். டீமைப் புதிதாகக் கட்டுகிறவர் கையில் 26 வயது ரன்னிங் பேக் இருந்தால் அக்டோபரில் விற்றுவிட வேண்டும். அப்போது ஏதாவது ஒரு முன்னணி டீமில் ஒருவருக்குக் காயம் பட்டிருக்கும், விலையும் ஏறியிருக்கும். சீசன் முடிந்த பிறகு ஜனவரியில் விற்கப் போனால் அவர் வயதில் ஒன்று கூடிவிட்டது என்பதுதான் எல்லார் கண்ணுக்கும் தெரியும்.

எங்கள் ஸ்டார்ட்அப் மார்ச்சில் நடந்தது. இரண்டாம் சுற்றிலேயே ஒருவர் கிக்கரை (பந்தை உதைத்துப் புள்ளி எடுக்கிறவர்) எடுத்தார். எல்லாரும் “நல்ல பிக்” என்றார்கள். கிக்கருக்கு எங்கள் லீக்கில் புள்ளியே கிடையாதே?
— வாசகி, பாளையங்கோட்டை

அவர் எடுத்தது கிக்கரை இல்லை, ரூக்கி டிராஃப்டின் முதல் பிக்கை. என்.எஃப்.எல். டிராஃப்ட் ஏப்ரல் கடைசியில்தான் நடக்கும். அதற்கு முன்னால் ஸ்டார்ட்அப் வைத்தால் ரூக்கி பிக்குகளைப் பல ஆப்புகளில் பெயராகக் காட்ட வழி இருக்காது. அதனால் கிக்கரை டோக்கன் மாதிரி வைத்துக்கொள்கிறார்கள். முதலில் போகும் கிக்கர் முதல் பிக், அடுத்தவர் இரண்டாவது, 12 கிக்கர் போனால் ரூக்கி முதல் சுற்று முடிந்தது. டிராஃப்ட் முடிந்ததும் கமிஷனர் கிக்கர்களை நீக்கிவிட்டு பிக்கை அந்தந்த டீமுக்கு எழுதிவிடுவார். எந்த வரிசையில் போனார்கள் என்பதை அதற்கு முன்பே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தகராறு வருவது அங்கேதான்.

ஆப்பின் பரிந்துரைப் பட்டியலில் கிக்கர் அடியில் கிடப்பார். நீங்களாகத் தேடி உங்கள் வரிசையில் சேர்த்து வைக்காவிட்டால், நல்ல விலைக்கு ஒரு ரூக்கி பிக் கண் முன்னால் போவதே தெரியாது.

ஸ்லோ டிராஃப்டில் (ஒரு பிக்குக்குப் பல மணி நேரம் தருவது) தூங்கி எழுந்தால் ஆப் தானாகவே ஒருவரை எடுத்து ஆட்டோ-பிக் ஆகியிருக்கிறது. அமெரிக்க நேரத்தோடு எப்படி ஒத்துப்போக?
— வாசகர், தென்காசி

கோடையில் நியூயார்க்குக்கும் நமக்கும் ஒன்பதரை மணி நேரம் வித்தியாசம். அவர்கள் இரவு 11 முதல் காலை 8 வரை டிராஃப்டை நிறுத்தி வைத்தால், நமக்கு அது காலை 8.30 முதல் மாலை 5.30 வரை. அதாவது நாம் விழித்திருக்கும் பகலெல்லாம் டிராஃப்ட் தூங்கும். பிக்குக்கு 8 மணி நேரம் என்றால் இரவு 11-க்குப் படுத்து காலை 6-க்கு எழுந்து போடலாம். 4 மணி நேரம் என்றால் விடியற்காலை 3 மணிக்கே ஆட்டோ-பிக். சேரும்போதே 8 மணி நேரம் கேளுங்கள்.

இல்லையென்றால் படுக்கும் முன் வரிசைப் பட்டியலை நிரப்புங்கள். உங்களுக்கு முன் ஆறு பிக் இருந்தால் ஏழு பெயர் போட வேண்டும். ஆறு பேரும் உங்கள் பட்டியலிலிருந்தே எடுத்தாலும் ஒருவர் மிஞ்சுவார். ஸ்னேக்கின் ஓரத்தில், 1 அல்லது 12-ம் இடத்தில் இருந்தால் அடுத்தடுத்து இரண்டு பிக் வரும், அப்போது எட்டு.

சீசனிலும் இதே சிக்கல் உண்டு. ஞாயிறு பகல் ஒரு மணி ஆட்டம் நமக்கு இரவு 10.30, நவம்பர் முதல் ஞாயிறு முதல் 11.30. ஆடாதவர் பட்டியல் ஆட்டத்துக்கு 90 நிமிஷம் முன்னால் வரும், ஆகவே 9 மணிக்கு (பிறகு 10 மணிக்கு) ஒருமுறை பார்த்துவிட்டால் போதும். வியாழன் இரவு ஆட்டம் நமக்கு வெள்ளி விடியற்காலை. அந்த ஆட்டக்காரரை ஃபிளெக்ஸில் (பல வகை ஆட்டக்காரர்களையும் இறக்கக்கூடிய இடம்) வைக்காமல் அவருடைய சொந்த இடத்தில் வையுங்கள். ஞாயிறன்று யாராவது விழுந்தால் ஃபிளெக்ஸ் காலியாக இருந்தால்தான் எந்த இடத்து ஆளையும் மாற்ற முடியும்.

ரூக்கி டிராஃப்டில் எனக்கு நாலாவது பிக். நல்ல அணிக்குப் போனவரை எடுக்கவா, முன்னால் எடுக்கப்பட்டவரை எடுக்கவா?
— வாசகர், வள்ளியூர்

முன்னால் எடுக்கப்பட்டவரையே, அதிலும் வைட் ரிசீவரை. 2020-ஐப் பாருங்கள். ரன்னிங் பேக் கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர் முதல் சுற்றின் கடைசி ஆளாக, 32-வதாக, சீஃப்ஸ் அணிக்குப் போனார். நட்சத்திரக் குவாட்டர்பேக் மகோம்ஸ் இருக்கும் அணி என்பதால் பல டைனஸ்டி லீக்குகளில் அவரே முதல் பிக் ஆனார். ஜஸ்டின் ஜெஃபர்சன் 22-வதாக வைக்கிங்ஸுக்குப் போய் முதல் சீசனிலேயே 1,400 யார்டு எடுத்தார். 41-வதாகப் போன ஜோனதன் டெய்லர் 2021-ல் 1,811 யார்டு ஓடி லீக்கிலேயே முதலிடம். ஹெலேர் சீஃப்ஸில் ஒரு சீசனில்கூட ஓட்டத்தில் ஆயிரம் யார்டைத் தொடவில்லை. அணியின் சூழ்நிலை ஒரு வருஷத்தில் மாறும். ஆளை நீங்கள் பல வருஷம் வைத்திருக்கிறீர்கள்.

பூக்கா நக்குவா 2023-ல் 177-வதாக வந்து 105 கேட்ச், 1,486 யார்டு எடுத்தார். அப்படிப்பட்டவர்களுக்கு ரூக்கி டிராஃப்டின் நாலாம் சுற்றும் டாக்ஸி ஸ்குவாடும் (இளசுகளை இறக்காமல் ஒதுக்கி வைக்கும் இடம்) இருக்கின்றன. நாலாவது பிக்கை அதற்குச் செலவழிக்காதீர்கள்.

டைட் எண்டை எப்போது எடுக்க?
— வாசகர், கடையநல்லூர்

டைட் எண்டின் (எதிரியைத் தடுப்பதும் பந்தைப் பிடிப்பதும் செய்கிறவர்) கேட்ச்சுக்கு ஒன்றரைப் புள்ளி தரும் லீக்கா என்பதைப் பொறுத்தது. பிராக் பவர்ஸ் 2024-ல் ரூக்கியாக 112 கேட்ச் பிடித்தார். அரைப் புள்ளி கூட என்றால் சீசனுக்கு 56 புள்ளி அதிகம். அந்த லீக்கில் அவர் தரத்து ஆளுக்கு முதல் இரண்டு சுற்று தகும். சாதாரண லீக்கில் பொறுங்கள். பெரும்பாலான டைட் எண்டுகள் தலையெடுக்க இரண்டு மூன்று வருஷம் ஆகும். 2013-ல் வந்த டிராவிஸ் கெல்சி முதன்முதலில் ஆயிரம் யார்டு தாண்டியது 2016-ல்தான். பொறுமை இழந்தவர்கள் இரண்டாம் வருஷக் கடைசியில் விற்பார்கள், அப்போது வாங்குங்கள்.

ஆளுக்கு ஐயாயிரம் போட்டு லீக் தொடங்க நினைக்கிறோம். பணம் இல்லாவிட்டால் பாதியில் ஓடிவிடுவார்கள் என்கிறார்கள்.
— வாசகர், மேலப்பாளையம்

வேண்டாம். பரிசுப் பணத்தை எதிர்பார்த்துப் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை, திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல், 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது. பணமில்லாத லீக்கே நடத்துங்கள்.

ஆள் ஓடுவதை விதியால் தடுக்கலாம். ஓடுகிறவர் பெரும்பாலும் மூன்று வருஷ முதல் சுற்று பிக்குகளையும் விற்றுவிட்டுத்தான் ஓடுவார். பிறகு அந்த வெறும் டீமை யாரும் எடுக்க மாட்டார்கள். எதிர்கால பிக் டிரேடை அடுத்த ஒரு வருஷத்தோடு நிறுத்துங்கள். வேண்டுமென்றே தோற்று முதல் பிக் வாங்குவதைத் தடுக்க, பிளேஆஃப் போகாத டீம்களின் ரூக்கி வரிசையை வெற்றி தோல்வி பார்த்துப் போடாமல், அதிகபட்சமாக எடுத்திருக்கக்கூடிய புள்ளியைப் பார்த்துப் போடுங்கள். நல்லவர்களை வெளியே உட்கார வைத்தாலும் அவர்கள் எடுத்த புள்ளி அந்தக் கணக்கில் ஏறிவிடும். ஆப்பே இதைக் கணக்கிட்டுக் காட்டும்.

ஒருவர் விட்டுவிட்டுப் போன டீமை ஜூலையில் எடுத்திருக்கிறேன். முதலில் என்ன செய்ய?
— வாசகர், சங்கரன்கோவில்

ஒரு வாரம் எதையும் விற்காதீர்கள். புது ஆள் வந்ததும் எல்லாரும் வலை வீசுவார்கள். முதல் இரண்டு நாளில் வரும் டிரேடுகளில் பெரும்பாலானவை உங்கள் நல்ல ஆளைக் குறிவைப்பவை. ஆனாலும் எல்லாவற்றையும் குறித்து வையுங்கள், உங்கள் டீமில் யாருக்குச் சந்தை இருக்கிறது என்று அதிலிருந்தே தெரிந்துவிடும். 28-ஐத் தாண்டிய ஆட்களை ஒரு பக்கம், உங்களிடம் இருக்கிற பிக்குகளை ஒரு பக்கம் எழுதுங்கள். வேலை உறுதியான குவாட்டர்பேக் இரண்டு பேர்கூட இல்லையென்றால் இந்த வருஷக் கோப்பையை மறந்துவிட்டு, அந்த மூத்த ஆட்களைச் சீசன் தொடங்கிய பிறகு பிக்குகளாக மாற்றுங்கள். ஆகஸ்ட் கடைசியில் என்.எஃப்.எல். அணிகள் ஆட்களை 53-ஆகக் குறைக்கும். அன்றைக்கு உங்கள் லீக்கின் வெய்வர் பட்டியலை (எந்த டீமிலும் இல்லாத ஆட்கள்) பாருங்கள்: ஓர் அணி தன் இரண்டாவது ரன்னிங் பேக்கை வெளியே விட்டால், மூன்றாவதாக இருந்தவர் அன்றைக்கே இரண்டாவது ஆகிவிடுவார். அவரை எடுக்க உங்கள் டீமில் ஓர் இடம் காலியாக இருக்க வேண்டும்.