பழைய ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் பார்ட்ஸ்: வாங்குவோரும் விற்போரும் கேட்டவை

என்னுடையது 1973 போர்ஷே 914, 2.0 லிட்டர். அதன் டி-ஜெட்ரானிக் (போஷின் பழைய எலக்ட்ரானிக் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் முறை) பிரஷர் சென்சார், அதாவது எஞ்சின் உள்ளிழுக்கும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் பார்ட், ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. "கழற்றும்வரை வண்டி நன்றாக ஓடியது" என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

வண்டி ஓடியதை வைத்து சென்சாரை எடை போட முடியாது. உள்ளே இருக்கும் டயாஃப்ரம் (அழுத்தத்துக்கு ஏற்ப அசையும் மெல்லிய தகடு) விரிசல் விட்ட பிறகும் எஞ்சின் ஓடும். பெட்ரோலைக் குடித்துக்கொண்டு, கரும்புகை கக்கிக்கொண்டு ஓடும்.

முதலில் எண்ணைக் கேளுங்கள். உங்கள் எஞ்சினுக்குப் பொருந்துவது 0 280 100 037. கடைசியில் 049 என்று இருந்தால் அது 1.7 லிட்டருக்கானது. வெளித்தோற்றம் ஒன்றுதான், ப்ளக்கும் சரியாக உட்காரும், ஆனால் பெட்ரோல்-காற்றுக் கலவை தப்பிவிடும்.

எண் சரி என்றால் இரண்டு சோதனை. கையால் இயக்கும் வேக்குவம் பம்பை மாட்டி 15 அங்குலப் பாதரச அளவுக்கு இழுத்தால், முள் சில நிமிடமாவது இறங்காமல் நிற்க வேண்டும். அப்புறம் மல்டிமீட்டர்: 7, 15 முனைகளுக்கு நடுவே சுமார் 90 ஓம், 8, 10 நடுவே சுமார் 350 ஓம். எந்த முனையும் வெளிக்கூட்டைத் தொட்டுக் காட்டக் கூடாது. இதைச் செய்து படம் அனுப்ப மறுப்பவரிடம் "சோதிக்காத பார்ட்" விலைக்கு மேல் பேசாதீர்கள்.

பின்பக்கத்து எபாக்ஸி அடைப்பு தோண்டப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். தோண்டியிருந்தால் யாரோ உள்ளே திருகாணியைத் திருப்பியிருக்கிறார்கள், பழைய அளவு போய்விட்டது. அதற்காக அது குப்பையும் இல்லை. சுருள் நன்றாக இருந்தால் புது டயாஃப்ரம் போட்டு அளவு வைத்துத் தருபவர்கள் இருக்கிறார்கள். அந்தச் செலவைக் கழித்துக்கொண்டு விலை சொல்லுங்கள்.

ஸ்கிராப்புக்குப் போன 1979 மெர்சிடிஸ் 280இ-யிலிருந்து கே-ஜெட்ரானிக் (போஷின் இயந்திர முறை இன்ஜெக்‌ஷன்) ஃப்யூயல் டிஸ்ட்ரிபியூட்டரையும் (பெட்ரோலை அளந்து ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் பிரித்து விடுவது), வார்ம்-அப் ரெகுலேட்டரையும் (எஞ்சின் சூடாகும்வரை கலவையைச் சரிசெய்வது) கழற்றி வைத்திருக்கிறேன். திறந்து சுத்தம் செய்து விற்றால் கூடுதல் விலை வருமா?

திறக்கவே திறக்காதீர்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் பிளவுகளின் அகலம் சுமார் 0.2 மில்லிமீட்டர். அதற்குள் உப்புத்தாளும் கம்பியும் போனால் மிஞ்சுவது இரும்புக் கட்டி. கீழே நீட்டிக்கொண்டிருக்கும் பிளஞ்சர் (உருளைக்குள் மேலும் கீழும் நகரும் தண்டு) வழுக்கி விழுந்து முனை நசுங்கினாலும் அதே கதிதான். வேறொன்றிலிருந்து எடுத்துப் போட முடியாது, உருளையும் அதுவும் சேர்த்தே பொருத்தப்பட்டவை. விழாதபடி கட்டி வையுங்கள், துளைகளுக்கு மூடி போடுங்கள், உள்ளே கொஞ்சம் மெல்லிய எண்ணெய் விடுங்கள். பெட்ரோலில் இருந்த தண்ணீர் காய்ந்து பிடிக்கும் துருதான் இவற்றில் பெரும்பாலானவற்றைக் கொல்கிறது.

வாங்குபவர் விரலால் பிளஞ்சரை மெல்ல மேலே தள்ளி விட்டுப் பார்ப்பார். எங்கும் பிடிக்காமல் இறங்கினால் உங்களுக்கு நல்ல விலை உண்டு. ரெகுலேட்டரில் 0 438 140 என்று தொடங்கும் எண் தெளிவாகத் தெரியும்படி படம் எடுங்கள். முடிந்தால் இரண்டையும் ஜோடியாகவே விற்றுவிடுங்கள்.

பழைய இன்ஜெக்டர்கள் செட்டாகக் கிடைக்கின்றன. எடுக்கலாமா?

கே-ஜெட் என்றால் வேண்டாம். நாளாக ஆகச் சொட்டத் தொடங்கும், புதிதே வாங்குங்கள். டி-ஜெட் இன்ஜெக்டர் மின்சாரத்தில் இயங்குவது. அல்ட்ராசோனிக் சுத்தத்தில் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். சுருள் சுமார் 2.4 ஓம் காட்ட வேண்டும். "டிக் டிக்" சத்தம் கேட்க பேட்டரியின் 12 வோல்ட்டை நேராகக் கொடுத்துப் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள், சுருள் கருகிவிடும். அதோடு வரும் ரப்பர் குழாய்கள் பார்வைக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும் வெட்டி எறிய வேண்டியவை. 914 தீப்பிடித்த கதைகளில் பாதி பழைய பெட்ரோல் குழாயில்தான் தொடங்கும்.

வோல்வோ 1800இ-யின் டி-ஜெட் கம்ப்யூட்டர் மலிவாக வருகிறது. என் 914-க்குப் போடலாமா?

கூடாது. இவை அனலாக் பெட்டிகள். மாற்றி எழுத உள்ளே மென்பொருள் எதுவும் இல்லை, அந்தந்த எஞ்சினின் கணக்கு சர்க்யூட்டிலேயே இருக்கிறது.

பிஎம்டபிள்யூ 2002 டிஐஐ-யின் குகல்ஃபிஷர் பம்பை (இயந்திர முறையில் பெட்ரோலை இன்ஜெக்டர்களுக்குத் தள்ளும் பம்ப்) விற்கிறேன், வாங்குபவர் வெளிநாட்டில். என்ன கவனிக்க வேண்டும்?

பம்பை மட்டும் பிரித்து விற்காதீர்கள். த்ராட்டில் பாடி, இணைப்புத் தண்டுகள், பிராக்கெட்டுகள் எல்லாம் சேர்ந்தால்தான் மதிப்பு. பம்ப் கிடைத்துத் தண்டு கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் அலைபவர்கள் உண்டு. இந்தப் பம்புக்கு எஞ்சின் ஆயில்தான் உயிர். எனவே கொஞ்சம் ஆயில் விட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றவில்லையா? நெம்ப வேண்டாம், "இறுகியிருக்கிறது" என்று விளம்பரத்திலேயே போடுங்கள். அப்படியும் வாங்க ஆள் வருவார்.

அனுப்பும் முன் பெட்ரோலைச் சொட்டு இல்லாமல் வடித்து, சில நாள் காற்றாட வைத்து, துளைகளை மூடி, இரண்டு பைகளில் கட்டுங்கள். பெட்ரோல் வாசனை அடிக்கும் பார்சலை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.