கஃபீல் வேற, கபீலா வேற: வளைகுடா அரசுகள் பற்றிக் கேட்டவையும் சொன்னவையும்

பாய், என் கஃபீல் பேர் 'அல் முதைரி'ன்னு முடியுது. குவைத் அமீருக்குச் சொந்தமா?

இல்லை. கஃபீல்னா உங்களுக்குப் பொறுப்பேத்துக்கிட்டவர், கபீலான்னா குலம். முதைர் பெரிய கபீலா. குவைத்திலயும் இருக்காங்க, சவூதியிலயும் இருக்காங்க. ரெண்டுக்கும் நடுவுல எல்லைக்கோடு போட்டதே 1922-ல்தான், உகைர்ங்கிற ஊர்ல உட்கார்ந்து பேசி. அமீர், சபாஹ் குடும்பம். இன்னொண்ணு: 'ஆல் சவூத்', 'ஆல் சபாஹ்'னு நீட்டிச் சொல்ற 'ஆல்', உங்க கஃபீல் பேர்ல வர்ற 'அல்' இல்லை, வேற சொல்; அதுக்குக் குடும்பம்னு அர்த்தம்.

சித்தப்பா மகளைக் கட்டிக்கிறாங்களே! நமக்குத் தங்கச்சி முறையாச்சே?

நமக்கு மாமன் மகள் முறைப்பெண். அவங்களுக்கு அப்பா கூடப் பிறந்தவர் மகள், 'பிந்த் அம்'. தகப்பன் வழி சொத்தும் பேரும் வெளியே போகாது. ஆனா ராஜ்யம் கட்டுறவருக்கு இது மட்டும் போதாது. சவூதி ராஜ்யத்தை உருவாக்கின இப்னு சவூத் பல கபீலாக்கள்ல பெண் எடுத்தார். 1921-ல் எதிரி ரஷீத் வம்சத்தோட தலைநகர் ஹாயிலைப் பிடிச்ச பிறகு, தோத்த அந்த வம்சத்தில் வாழ்க்கைப்பட்டு விதவையான ஷம்மர் குலத்துப் பெண்ணையே மணந்தார். அவங்க மகன்தான் 2005-ல் மன்னரான அப்துல்லாஹ். கபீலாக்காரங்களை நிரப்பின தேசியக் காவல் படை பல வருஷம் அவர் கையிலதான் இருந்தது.

வேடிக்கை என்னன்னா, தகப்பன் வழிதான் எல்லாம்னு சொல்ற குடும்பத்துக்குள்ள கட்சி பிரிஞ்சது தாய் வயித்தை வச்சு. சுதைரி குலத்துத் தாய்க்குப் பிறந்த ஏழு மகன்கள் ஒரு அணி. ஃபஹத், சல்மான் ரெண்டு பேரும் அதுல மன்னரானாங்க.

பெட்ரோல் காசு வந்ததும் இந்தக் குலக் கணக்கெல்லாம் கரைஞ்சிருக்கணுமே அண்ணே?

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. குவைத்தைப் பாருங்க, அரசாங்கமே தண்ணி ஊத்தி வளர்த்துச்சு. 1960, 70-கள்ல நகரத்து வியாபாரிகளும் அரபு தேசியவாதிகளும் நாடாளுமன்றத்தில் குடைச்சல் கொடுத்தாங்க. அவங்களுக்கு எதிர் எடையா பதூக்களுக்கு, அதாவது பாலைவனத்துக் கபீலாக்காரங்களுக்கு, குடியுரிமை கிடைச்சது. வெளிவட்டத்தில் வீடு கிடைச்சது. ஒரே கபீலா ஒரே பகுதியில் சேர்ந்ததால் தொகுதியும் அவங்க கைக்கு வந்துச்சு. தேர்தலுக்கு முன்னாடி குலத்துக்குள்ளயே வாக்கெடுப்பு நடத்தி வேட்பாளரை முடிவு பண்ணிடுவாங்க; 'ஃபர்இய்யா'ன்னு பேர். 1998-ல் சட்டம் தடுத்துச்சு. நிக்கவா செஞ்சது?

நாள் போகப் போக அந்த விசுவாசிகளோட பிள்ளைங்களே எதிர்க்கட்சியானாங்க. ஒருத்தருக்கு நாலு ஓட்டு இருந்ததை 2012-ல் அமீர் ஆணை போட்டு ஒண்ணாக்கினார். நாலு ஓட்டைப் பங்கு போட்டுக் கூட்டணி கட்டுற வித்தை அதோட போச்சு. தெருவில் பெரிய போராட்டம். 2024 மே மாசம் அமீர் மிஷ்அல் மன்றத்தையே கலைச்சு, நாலு வருஷம் வரைக்கும் நிறுத்தி வச்சுட்டார்.

என்னைக் கேட்டா, கபீலாவைப் பழைய மிச்சம்னு சொல்றது தப்பு. இன்னைக்கு இருக்கிற கபீலாவில் பாதி, குடியுரிமை அலுவலகமும் வீட்டுவசதித் துறையும் செஞ்சது.

மன்னருக்குப் பிறகு மூத்த மகன்தானே?

ஓமன்ல 2021-க்குப் பிறகு அப்படித்தான். அதுக்கு முன்னாடி வருஷம் சுல்தான் காபூஸ் பிள்ளையில்லாம இறந்தப்ப, மூடின உறையில் எழுதி வச்ச பேரைப் படிச்சுத்தான் ஹைதமை சுல்தானாக்கினாங்க. சவூதியில் 1953-லிருந்து அண்ணன் தம்பியாவே போச்சு. 2017-ல் சல்மான் தன் மகனைப் பட்டத்து இளவரசராக்கினார்.

ஜோர்டான் ராஜா அந்த ஊர்க் குலமா?

இல்லை, மக்கா, மதீனா இருக்கிற ஹிஜாஸ் பகுதியிலிருந்து வந்த ஹாஷிமி வம்சம். அதனாலேயே பனீ சக்ர், ஹுவைத்தாத் மாதிரி உள்ளூர்க் குலங்களைப் படையில் சேர்த்துக் கூட வச்சுக்கிட்டாங்க. இன்னைக்கும் கொலை நடந்தா, வழக்கு ஒரு பக்கம் போகும். இன்னொரு பக்கம் பெரியவங்க கூட்டமா செத்தவர் வீட்டுக்குப் போய் பழிவாங்காம இருக்க 'அத்வா'ன்னு ஒரு தவணை கேட்பாங்க. மாவட்ட ஆளுநரும் இதில் தலையிடுவார். இப்படி ஊர்ப் பெரியவங்க ஒரு கோரிக்கையோட போனா, முன்னால வச்ச காபியைத் தொட மாட்டாங்க. வீட்டுக்காரர் சம்மதிச்ச பிறகுதான் குடிப்பாங்க.