டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்வது ஏன்?
வாகனப் பராமரிப்பு: சிங்கப்பூர் வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என்னுடைய ஜப்பானிய செடான் காருக்கு ஏழு வயதாகிறது. முன்பக்க இடது டயரின் உள்விளிம்பு ஓராண்டுக்குள்ளாகவே வழவழப்பாகத் தேய்ந்துவிட்டது. வெளிவிளிம்போ புதிதுபோல் இருக்கிறது. பட்டறையில் இரண்டு முறை அலைன்மெண்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும் வேலை) செய்தும் பயனில்லை. "இந்த மாடலில் கேம்பரை மாற்ற வழியில்லை" என்கிறார்கள். அவர்கள் கொடுத்த அச்சுத் தாளை இணைத்துள்ளேன். (வாசகர், ஈசூன்)

பதில்: தாளை அனுப்பியது நல்லதாயிற்று, உங்கள் கேள்விக்கான விடை அதிலேயே இருக்கிறது. வண்டியை முன்னிருந்து பார்க்கும்போது சக்கரம் செங்குத்திலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதே கேம்பர். சக்கரத்தின் மேற்பகுதி உள்நோக்கிச் சாய்ந்தால் அது மைனஸ், வெளிநோக்கிச் சாய்ந்தால் பிளஸ். உங்கள் இடது சக்கரம் மைனஸ் 2.2 டிகிரியிலும் வலது சக்கரம் மைனஸ் 0.7 டிகிரியிலும் இருக்கின்றன. தயாரிப்பாளர் அனுமதிக்கும் வரம்பு மைனஸ் 1.2 முதல் பிளஸ் 0.3 வரை என்று அதே தாளில் அச்சாகியிருக்கிறது. 16 அங்குல ரிம்மில் ஒரு டிகிரி சாய்வு என்பது மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் இடையே சுமார் 7 மில்லிமீட்டர் வித்தியாசம். இரண்டு டிகிரியைத் தாண்டிச் சாய்ந்த டயர் தன் சுமையின் பெரும்பகுதியை உள்விளிம்பில் தாங்கியபடியே ஓடுகிறது.

பட்டறையில் சொன்னது பாதி உண்மை. மேக்பர்சன் ஸ்ட்ரட் (சுருள்வில்லும் அதிர்வுதாங்கியும் சேர்ந்த தூண்) அமைப்புள்ள பல கார்களில் முன்சக்கரங்களின் டோ கோணத்தை (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் நேர்திசையிலிருந்து உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு) மட்டுமே டை ராட் (ஸ்டீயரிங் அமைப்பைச் சக்கரத்துடன் இணைக்கும் தண்டு) வழியாகத் திருத்த முடியும். கேம்பரைத் தொழிற்சாலையிலேயே நிலையாக அமைத்துவிடுகிறார்கள். ஆனால், மாற்ற வழியில்லாத ஒரு கோணம் தானாக மாறியிருந்தால் ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது என்றுதான் பொருள். அதைத் தேடாமல் டோவை மட்டும் சரிசெய்து வண்டியைத் திருப்பிக் கொடுத்ததை முழுமையான வேலை என்று என்னால் ஏற்க முடியவில்லை.

எந்தப் பாகம் என்பதையும் தாள் காட்டுகிறது. ஸ்டீயரிங் அச்சுச் சாய்வு (முன்னிருந்து பார்க்கும்போது, சக்கரம் திரும்பும் அச்சு சாய்ந்திருக்கும் அளவு) என்ற வரியில் இரு பக்கமும் 14 டிகிரி என்றே இருக்கிறது. அதனுடன் அந்தந்தப் பக்கத்துக் கேம்பரைக் கூட்டிப் பாருங்கள்: இடப்பக்கம் 11.8, வலப்பக்கம் 13.3. இந்தக் கூட்டுத்தொகை இரு பக்கமும் சமமாக இருந்து, அச்சுச் சாய்வு வேறுபட்டிருந்தால் லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் பிடித்திருக்கும் கை) வளைந்ததா, அது பொருத்தப்பட்டிருக்கும் சப்ஃபிரேம் என்ற சட்டகம் நகர்ந்ததா என்று பார்க்க வேண்டியிருந்திருக்கும். கூட்டுத்தொகையே வேறுபடுவதால், இடப்பக்க ஸ்ட்ரட் அல்லது சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் வளைந்திருக்கவே வாய்ப்பு அதிகம். பலமாடிக் கார் நிறுத்துமிடங்களின் குறுகிய வளைவுகளில் சாலையோரக் கல்லின்மேல் ஏறி இறங்குவது பெரும்பாலும் இடது முன்சக்கரம்தான். வலப்பக்கம் அமர்ந்து ஓட்டும் நமக்கு அந்த மூலை கண்ணில் படுவதில்லை. கீழிருந்து மேலாக விழும் அத்தகைய பலத்த அடி, சக்கரத்தின் மேற்பகுதியை உள்ளே தள்ளி ஸ்ட்ரட்டை வளைத்துவிடக்கூடும்.

நீங்களே ஒரு சோதனை செய்யலாம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஸ்டீயரிங்கை நேராக வைத்து, டயரின் உட்பக்கச் சுவருக்கும் ஸ்ட்ரட் குழாய்க்கும் இடையே விரல்களை நுழைத்துப் பாருங்கள். வலப்பக்கம் இரண்டு விரல் நுழையும் இடத்தில் இடப்பக்கம் ஒரு விரலே நுழைகிறது என்றால் சந்தேகம் வலுப்படும். பட்டறைக்காரர் வண்டியைத் தூக்கி, ஸ்ட்ரட்டின் மேல் நட்டைத் தளர்த்தி, நடுத்தண்டை மெல்லச் சுழற்றும்போது சக்கரத்தின் மேல்விளிம்பு உள்ளும் வெளியுமாக அசைந்தால் தண்டு வளைந்திருப்பது உறுதி.

ஸ்ட்ரட்டை நக்கிளுடன் இணைக்கும் இரண்டு போல்ட்டுகளில் ஒன்றை எடுத்துவிட்டு கேம்பர் போல்ட் (சாய்வைச் சற்றே மாற்ற உதவும் போல்ட்) மாட்டித் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். சிறு வித்தியாசங்களுக்கு அது முறையான தீர்வுதான். வளைந்த பாகத்தை மறைக்க அதைப் பயன்படுத்துவதை நான் ஆதரிக்க மாட்டேன். பழுதுபட்ட ஸ்ட்ரட் அப்படியே இருக்கும், பிரேக் பிடிக்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் அதே பாகம்தான் சுமையைத் தாங்க வேண்டும். இடம், வலம் இரண்டு ஸ்ட்ரட்டுகளையும் சேர்த்தே மாற்றுங்கள். மாற்றிய பிறகு மீண்டும் அலைன்மெண்ட் கட்டாயம். கேம்பர் மாறினால் டோவும் மாறும் என்பதால் முதலில் பின்சக்கரங்கள், பிறகு முன்பக்கக் கேஸ்டரும் (பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது ஸ்டீயரிங் அச்சு சாய்ந்திருக்கும் கோணம்) கேம்பரும், கடைசியாக முன்பக்க டோ என்ற வரிசையில் வேலை நடக்க வேண்டும்.

டோவையும் சாதாரணமாக எண்ண வேண்டாம். ஒரு சக்கரம் கால் டிகிரி திரும்பியிருந்தால்கூட ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அது ஏறத்தாழ 4 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. டயரின் மேல் உள்ளங்கையைக் குறுக்கே தடவும்போது ஒரு திசையில் வழுக்கி, எதிர்த்திசையில் ரம்பம்போல் உறுத்தினால் டோ தவறியிருக்கிறது என்று கொள்ளலாம்.

கேள்வி: விரைவுச்சாலையில் என் கார் மெதுவாக இடப்பக்கம் போகிறது. அலைன்மெண்ட் தேவையா? (வாசகர், தெம்பனிஸ்)

பதில்: மழைநீர் வடிவதற்காகச் சாலைகளைச் சற்றுச் சரிவாகவே அமைக்கிறார்கள். சரிவு இடப்பக்கம் இருக்கும் இடத்தில் எந்தக் காரும் கொஞ்சம் இடப்பக்கம் நகரவே செய்யும். சரிவு மாறும் வெவ்வேறு சாலைகளிலும் அதே பக்கம் இழுத்தால் மட்டும் கவலைப்படுங்கள். முதலில் டயர் காற்றழுத்தத்தைச் சரிபாருங்கள். பிறகு, சுழல்திசை குறிக்கப்படாத டயர்களாக இருந்தால் முன்பக்கத்து இரண்டையும் இடம் மாற்றி ஓட்டுங்கள். இழுக்கும் திசையும் மாறினால் கோளாறு டயரில்தான். மாறாவிட்டால் அலைன்மெண்ட் தாளைப் பாருங்கள்: கேம்பர் எந்தப் பக்கம் பிளஸ் அதிகமோ அந்தப் பக்கமும், கேஸ்டர் எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கமும் வண்டி இழுக்கும். சோதிப்பதற்காக விரைவுச்சாலையில் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிடாதீர்கள். 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்குவது வேறு பிரச்சினை. அதற்கு முதலில் பேலன்சிங் (சக்கரத்தின் எடைச் சமநிலை) பார்க்க வேண்டும்.

கேள்வி: வாகனச் சோதனையில் சைட் ஸ்லிப் பிரிவில் தேறிவிட்டது. அப்படியானால் கோணங்கள் சரியாக உள்ளன என்றுதானே பொருள்? (வாசகர், ஜூரோங்)

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. அசையும் தகட்டின்மேல் வண்டி மெதுவாக ஏறிச் செல்லும்போது தகடு பக்கவாட்டில் எவ்வளவு நகர்கிறது என்பதை மட்டுமே அந்தச் சோதனை அளக்கிறது. அது பெரும்பாலும் டோவின் விளைவு. கேம்பரை அது தனியாகக் காட்டாது. மூன்று வயதுக்கு மேல் பத்து வயதுவரை ஈராண்டுக்கு ஒருமுறையும் அதன்பின் ஆண்டுதோறும் நடக்கும் சோதனைகளுக்கு இடைப்பட்ட காலத்தில், மாதம் ஒருமுறையாவது ஸ்டீயரிங்கை முழுவதும் ஒரு பக்கம் திருப்பி, டயரின் உள்விளிம்பைக் குனிந்து பாருங்கள். நம் சட்டப்படி டயரின் பள்ளம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும்; மழைநாளில் அந்த ஆழத்தை எட்டும்வரை காத்திருப்பது ஆபத்து.

கேள்வி: தடக் கண்காணிப்புக் கேமரா உள்ள புதிய கார் வைத்திருக்கிறேன். அலைன்மெண்ட் செய்யும்போது தனியாக ஏதாவது கவனிக்க வேண்டுமா? (வாசகர், பொங்கோல்)

பதில்: ஆம். டை ராட்டைத் திருத்திய பிறகு ஸ்டீயரிங் கோண சென்சாரின் நேர்நிலையைக் கணினி வழியாக மீண்டும் பதிய வேண்டியிருக்கலாம். இல்லாவிட்டால் வண்டி நேராகச் செல்லும்போதும் அது திரும்புவதாக நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டு அமைப்பு எண்ணக்கூடும். சில மாடல்களில் கேமராவையும் சீரமைக்க வேண்டும். வேலைக்கு முன் அதற்கான கருவி பட்டறையில் இருக்கிறதா என்று கேளுங்கள். திருத்தத்திற்கு முந்தைய அளவு, பிந்தைய அளவு இரண்டும் அச்சிட்ட தாளையும், சென்சார் பதிவு முடிந்ததற்கான குறிப்பையும் ரசீதுடன் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.