அந்த அண்ணனிடம் நன்றி சொல்லிவிட்டு, வேண்டாம் என்று சொல்லுங்கள்

கேள்வி: எங்கள் சபையில் அறுபது குடும்பங்கள். போதகருக்கு மாத ஊதியம் என்று எதுவும் கிடையாது. ஆராதனை முடிந்து கைகுலுக்கும்போது ஆளுக்கொரு கவர் கொடுப்பதுதான் வழக்கம். இப்போது அவர் கடனில் இருக்கிறார் என்று தெரியவந்தது. ஊதியம் நிர்ணயிக்கலாமே என்றேன். "சம்பளம் வாங்கினால் கூலியாள் ஆகிவிடுவார், ஊழியர் விசுவாசத்தில் நிற்க வேண்டும், அவர் மனைவிதான் வேலைக்குப் போகிறாரே" என்கிறார்கள் சபையை நடத்தும் மூப்பர்கள். வசதியுள்ள ஒரு அண்ணன், "எதற்கு இந்தக் கூட்டமெல்லாம், முழுச் செலவையும் நானே பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். போதகரின் மனம் நோகாமல் இதை எப்படிச் செய்வது? — ஒரு சபைப் பொருளாளர்

பதில்: சகோதரரே, முதல் வேலையாக அந்த அண்ணனைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

வேதாகமத்தில் நியாயாதிபதிகள் 17-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். மீகா என்று ஒருவன். தன் வீட்டிலேயே விக்கிரகம் செய்து வைத்திருந்தான். பிழைக்க இடம் தேடி வந்த ஒரு லேவியனிடம் (தெய்வப் பணிக்கென்று ஒதுக்கப்பட்ட கோத்திரத்தான்), வருஷத்துக்குப் பத்து வெள்ளிக்காசு, மாற்று உடை, சாப்பாடு என்று பேசி முடித்துத் தன்னோடு வைத்துக்கொண்டான். எனக்கு ஒரு லேவியன் கிடைத்துவிட்டான், இனி கர்த்தர் எனக்கு நன்மை செய்வார் என்று அவனுக்கு ஒரே சந்தோஷம். அந்த 'எனக்கு' என்ற சொல்லைக் கவனியுங்கள். அந்த லேவியன் அவ்வீட்டு விக்கிரகத்தைப் பற்றி வாய் திறந்ததாக ஒரு வரி கிடையாது. அடுத்த அதிகாரத்தில் தாண் கோத்திரத்தார் வந்து, ஒரு வீட்டுக்கு ஆசாரியனாக இருப்பது நல்லதா, ஒரு கோத்திரத்துக்கே ஆசாரியனாக இருப்பது நல்லதா என்று கேட்டதும், மனம் மகிழ்ந்து கிளம்பிவிட்டான். போகும்போது விக்கிரகத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு போனான்.

உங்கள் அண்ணன் தங்கமானவராகவே இருக்கட்டும். இந்த ஏற்பாடு எப்படிப் போகும் என்று பல சபைகளில் பார்த்திருக்கிறேன். முதல் வருடம் ஒன்றும் தெரியாது. இரண்டாம் வருடம், "ஐயா, அந்தப் பிரசங்கத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம்" என்பார். மூன்றாம் வருடம் யார் மூப்பர், யார் பாட வேண்டும் என்பதெல்லாம் அவர் வீட்டில் முடிவாகும். போதகரைப் பார்க்க வேண்டுமானால்கூட அவர் வழியாகப் போகிற நிலை வரும். அவருக்கு உண்மையிலேயே கொடுக்க மனமிருந்தால் அதே தொகையைப் பொதுக் காணிக்கையில் போடட்டும். அப்படிச் சொன்னதும் உற்சாகம் குறைகிறதா என்று பாருங்கள்.

கவரும் இதே கதைதான், அளவு மட்டும் சின்னது. ஒரு போதகர் என்னிடம் சொன்னார்: "பொருளாசையைப் பற்றிப் பேசும்போது என் கண் தானாகவே இடது பக்கம் போய்விடுகிறது. வலது பக்கம் மூன்றாவது வரிசையில்தான் எங்கள் வீட்டு வாடகை உட்கார்ந்திருக்கிறது." கவரில் இன்னொரு கோளாறும் உண்டு. கணக்கே இல்லாததால் அறுபது குடும்பமும், மற்ற ஐம்பத்தொன்பதும் கொடுத்திருக்கும் என்று நிம்மதியாக இருக்கும். அவர் கடன்பட்டது இப்படித்தான் என்று நினைக்கிறேன்.

'கூலியாள்' என்கிற மூப்பர்கள் யோவான் 10-ஐ அரைகுறையாக வாசித்திருக்கிறார்கள். ஓநாய் வருவதைக் கண்டு ஆடுகளை விட்டு ஓடுகிறவன் என்பதுதான் அங்கே கூலியாளுக்கு அடையாளம். வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரன் என்று லூக்கா 10:7-இல் சொன்னவரும் அதே ஆண்டவர்தான். கதிரை மிதித்துப் போரடிக்கிற மாட்டின் வாயைக் கட்டாதே என்ற நியாயப்பிரமாணத்தை அப்போஸ்தலன் பவுல் இரண்டு நிருபங்களில் ஊழியருக்காகவே எடுத்துச் சொல்கிறார்.

உடனே ஒருவர் எழுந்து, பவுல் கூடாரம் தைத்துப் பிழைக்கவில்லையா என்பார். எல்லாச் சபையிலும் இப்படி ஒருவர் இருக்கிறார். அவருக்காக இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். கொரிந்துவில் பவுல் அதே தொழில் செய்த ஆக்கில்லா என்பவரோடு கூடாரத்தொழில் செய்தது உண்மை. ஆனால் 1 கொரிந்தியர் 9-இல், எனக்கு உரிமை இருக்கிறது, நானாகத்தான் அதைப் பயன்படுத்தவில்லை என்று நீளமாக வாதாடுகிறார். ஆக, விட்டுக்கொடுத்தது ஊழியர். சபை தன் பங்கைத் தானே தள்ளுபடி செய்துகொள்ள அதில் இடமில்லை. அதோடு, அந்தச் செலவை வேறு யாரோ சுமந்தார்கள். மக்கெதோனியாவிலிருந்து வந்த சகோதரர்கள் தன் குறைவை நிறைவாக்கினார்கள் என்று 2 கொரிந்தியர் 11-இல் எழுதுகிறார். மற்றச் சபைகளைக் கொள்ளையிட்டேன் என்கிற அளவுக்குப் போகிறார். பிலிப்பி சபையார், அவர் தெசலோனிக்கேவில் இருந்தபோதே இரண்டொரு முறை உதவி அனுப்பியிருக்கிறார்கள். கடைசியில் கொரிந்தியரைப் பார்த்து, நான் உங்களுக்குப் பாரமாக இல்லாமல் போனேனே, "இந்த அநியாயத்தை எனக்கு மன்னியுங்கள்" என்று ஒரு குத்து. பவுலை மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்த வரி வரை வாசிப்பதில்லை.

மனைவியின் சம்பளம் உங்கள் கணக்கில் வரவே கூடாது. மூப்பர்களின் மனைவிமார் சம்பாதிக்கிறார்கள் என்று அவர்களுடைய முதலாளிகள் பிடித்தம் செய்கிறார்களா?

எவ்வளவு என்று தீர்மானிக்க ஓர் எளிய கணக்கு இருக்கிறது. பத்துக் குடும்பங்கள் உண்மையாகத் தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, கொடுத்தால், பதினோராவது குடும்பம் அவர்களைப் போலவே வாழலாம். உங்களிடம் அறுபது இருக்கிறது. சபையில் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் வருமானம் என்னவோ, அதை ஒட்டி வையுங்கள். பயணம், தொலைபேசி, வீடு சந்திப்பு போன்ற ஊழியச் செலவுகள் தனிக் கணக்கு. அதையும் ஊதியத்தில் சேர்த்துக் காட்டுவது ஏமாற்று வேலை. வருடம் ஒருமுறை மறுபரிசீலனை, கூட்டக் குறிப்பில் பதிவு, பணத்தைத் தொட இரண்டு கையெழுத்து. நெகேமியா 13-இல் லேவியர் பங்கு கிடைக்காமல் வயலுக்கு ஓடிப்போனபோது, நெகேமியா ஓடினவர்களை விட்டுவிட்டுத் தலைவர்களைத்தான் கடிந்துகொண்டார். பிறகு பொக்கிஷத்தைப் பார்க்க உண்மையுள்ளவர்கள் என்று பெயரெடுத்த நான்கு பேரை வைத்தார். ஒலிபெருக்கி வாங்கப் பத்து நிமிடத்தில் தீர்மானம் போடுகிற கமிட்டி, போதகரின் ஊதியத்தை மூன்று கூட்டத்துக்குத் தள்ளிவைப்பது எனக்கு இன்றுவரை புரியாத ஒன்று. வேதாகமக் கல்லூரிகளும் கிரேக்கம் சொல்லித் தருகின்றன, வரவு செலவு வாசிக்கச் சொல்லித் தருவதில்லை.

வெளியிலிருந்து நிதி வாங்கித் தருகிறேன், விண்ணப்பத்துக்கு மட்டும் முன்பணம், வந்ததில் ஒரு பங்கு என்று ஒரு 'சகோதரர்' இந்நேரம் உங்களைத் தேடி வந்திருப்பார். வரவில்லையென்றால் வருவார். வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கணக்குக் கேட்டால், அபிஷேகம்பண்ணப்பட்டவரைத் தொடாதே என்று யாராவது மிரட்டினால் பயப்படாதீர்கள். சங்கீதம் 105 அதைச் சொல்வது, பரதேசிகளாய் அலைந்த முற்பிதாக்களுக்குத் தீங்கு செய்யாதே என்று ராஜாக்களைப் பார்த்து. தாவீது ராஜாவையே நாத்தான் தீர்க்கதரிசி முகத்துக்கு நேரே கடிந்துகொண்டார். போதகர் எஜமானின் சொத்தைப் பராமரிக்கிற உக்கிராணக்காரர், கணக்கு அவருக்கும் உண்டு. ஆனால் 'பலர் சொல்கிறார்கள்' என்று பெயர் சொல்லாமல் வருகிற புகாரை வாங்காதீர்கள். 1 தீமோத்தேயு 5:19 இரண்டு மூன்று சாட்சிகள் கேட்கிறது.

இனி, மனம் நோகாமல் எப்படி என்று கேட்டீர்களே. "உங்களுக்கு எவ்வளவு வேண்டும்?" என்று மட்டும் அவரிடம் கேட்காதீர்கள். தொகையை நீங்களே முடிவு செய்துகொண்டு, இரண்டு பேர் போய்ச் சொல்லுங்கள். கடனை ஊதியத்தோடு கலக்காமல், ஒரே முறை உதவியாகப் பொதுப் பணத்திலிருந்து தீர்த்துவிடுங்கள். சபையார் யாரிடமாவது வாங்கியிருந்தால் அதை முதலில் அடைத்துவிடுங்கள். முதல் மாதம் அவர் வேண்டாம் என்று மறுக்கலாம். அவர் பெயரில் வரவு வைத்துவிடுங்கள். அதைத் திரும்பக் காணிக்கையில் போடுவது அவர் பாடு. வரும் ஞாயிறு முதல் வாசலில் அவருக்கு வெறுங்கையையே நீட்டுங்கள். முதல் சில வாரம் இரண்டு பேருக்குமே கூச்சமாகத்தான் இருக்கும்.