ஆயுதம் செய்யும் கம்பெனியில் வேலைக்குச் சேரலாமா?

“சேலத்தில் ராணுவத்துக்குச் சரக்கு செய்யும் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. நான் செய்வது நாளை யாரையாவது கொன்றால் அந்தப் பாவம் எனக்கா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

தம்பி, இப்போதுதான் படிப்பு முடித்திருப்பீர்கள், வீட்டில் கடனும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். சென்னை, கோவை, ஓசூர், திருச்சியோடு சேலமும் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில், அதாவது ராணுவத் தளவாடத் தொழிலுக்கென்று அரசு குறித்த ஊர்களில், இருக்கிறது. இந்தக் கேள்வி இனி நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு வரும். போங்கள். ஆனால் கையெழுத்துப் போடும்போது கவனமாக இருங்கள்.

2006-ல் சேலத்துக்கு வெளியே ஒரு சின்ன கம்பெனியில் நான் லேப் கெமிஸ்ட். ஐப்பசி, அடை மழை. பன்னிரண்டு டிரம் தயோனைல் குளோரைடு வந்து இறங்கியது. சாம்பிள் எடுக்க மூடியைத் திருகினால் ஈரக்காற்று பட்டதும் வெள்ளையாகப் புகையும். பத்துத் தீக்குச்சியைச் சேர்த்துக் கொளுத்திய மாதிரி நெடி தொண்டையில் ஏறும். மருந்துக்கும் சாயத்துக்கும் வேண்டிய சரக்குதான். விஷ வாயு செய்யவும் உதவும் என்பதால், 1997-ல் நடைமுறைக்கு வந்த ரசாயன ஆயுதத் தடை ஒப்பந்தத்தின் மூன்றாம் அட்டவணையில் அதன் பெயர் இருக்கிறது. ஒப்பந்தத்தில் சேராத நாட்டுக்கு அனுப்புவதென்றால், எதற்கு வாங்குகிறோம் என்று அங்கிருந்து சான்று வர வேண்டும்.

அந்த டிரம்களை வெளிநாட்டுக்கு அனுப்பப் புரோக்கர் கொண்டுவந்த தாளில் வாங்குபவர் பெயரே இல்லை. சரக்கின் பெயரையும் “சாயக் கரைப்பான்” என்று மாற்றிக் கையெழுத்துப் போடச் சொன்னார். மாட்டேன் என்றேன். “நீங்க கெமிஸ்ட்டுங்க, கலெக்டர் இல்லீங்க. டெஸ்ட் பண்ணுனமா, கையெழுத்துப் போட்டமான்னு இருங்க” என்றார் முதலாளி. மறுநாள் வேறொருவர் கையெழுத்தில் லாரி கிளம்பிவிட்டது. அந்த வாரமே வேலையை விட்டேன்.

இவன் நாட்டுப் பாதுகாப்புக்கு எதிரானவன் என்று யாராவது கிளம்புவார்கள். என் தம்பி பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்தவன். ஆயுதமே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஜோசப் ராட்பிளாட் என்ற இயற்பியலாளர், ஹிட்லர் முந்திக்கொள்வான் என்ற பயத்தில்தான் அமெரிக்காவின் அணுகுண்டுத் திட்டமான மன்ஹாட்டன் திட்டத்தில் சேர்ந்தார். ஜெர்மனி குண்டு செய்யவில்லை என்று தெரிந்ததும் 1944 கடைசியில் கிளம்பிவிட்டார். 1957-ல், அணு ஆயுத ஆபத்தைப் பற்றி விஞ்ஞானிகள் கூடிப் பேசும் பக்வாஷ் மாநாடுகளைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். 1995-ல் நோபல் அமைதிப் பரிசு வந்தது. சேர்ந்ததற்காக அவரை நான் குறை சொல்ல மாட்டேன். காரணம் போன பிறகும் எழுந்திருக்காதவர்கள்மேல்தான் எனக்குக் கோபம்.

நமக்கு ஜெர்மன் வேதியியலாளர் ஹேபர் என்றால் அம்மோனியா தயாரிக்கும் முறை, பரீட்சையில் ஐந்து மார்க். முதல் உலகப் போரில், 1915 ஏப்ரல் 22-ல் பெல்ஜியத்தின் ஈப்ரஸ் போர்முனையில் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டதைக் கூட இருந்து நடத்தியதும் அதே ஹேபர்தான் என்று எந்த வாத்தியாரும் எனக்குச் சொன்னதில்லை.

வேலையை விட்ட பிறகு அனுபவச் சான்றிதழுக்கு இரண்டு வருடம் அலையவிட்டார்கள். பி.எஃப். கணக்கில் என் அப்பா பெயரைத் தப்பாக ஏற்றி, அதைத் திருத்தித் தரவும் இழுத்தடித்தார்கள். அந்தப் பணம் இருந்திருந்தால் அம்மாவின் கண் ஆபரேஷன் தள்ளிப் போயிருக்காது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி. சேர்ந்த முதல் வாரமே, சரக்கு யாருக்குப் போகிறது என்ற தாள் உங்கள் கண்ணுக்கு வருமா என்று கேளுங்கள். வராது என்றால் எழுத்தில் கேட்டு, நகல் எடுத்து வையுங்கள். நான் வாயால் மட்டும்தான் சொன்னேன், எந்த அதிகாரிக்கும் எழுதவில்லை. அந்தப் பன்னிரண்டு டிரம் எந்தக் கரையில் இறங்கியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.